தெருவுக்கு ஒரே மெயில்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுதிக்காற்று. துவைத்துப் போட்ட சீருடை மறுபடி மண்நிறம்.

அப்பா போனில் மெயில் திறந்தேன். புதிது 212. சேலைத் தள்ளுபடி, லோன் வேண்டுமா, வழுக்கைக்கு எண்ணெய் (எனக்கா?), ஏதோ பரிசு விழுந்திருக்கிறதாம். ஆயிஷா அக்காவுக்கு வர வேண்டியது மட்டும் இல்லை.

அக்கா பக்கத்து வீடு. நர்சிங் முடித்தவள். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரிக்கு மனுப் போட்டிருக்கிறாள். நேர்காணல் தேதி மெயிலில் வருமாம். அவர்கள் வீட்டில் பட்டன் போன்தான், அதனால் என் முகவரியைக் கொடுத்தாள். வெள்ளிக்குள் வராவிட்டால் சனிக்கிழமை முதல் டவுனில் துணி மடிக்கிற வேலை.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மூன்று தடவை: "பாப்பா, வந்துருச்சா?"

"இன்னும் இல்லக்கா."

இவ்வளவு குப்பை எப்படி? தெரியும். தீபாவளிக்கு ஜவுளிக்கடையில் குலுக்கல் கூப்பன். மெயில் முகவரி எழுதினால்தான் பெட்டியில் போட விட்டார்கள். தெருவில் மெயில் உள்ளவள் நான் ஒருத்தி. பத்தொன்பது வீட்டுக் கூப்பனிலும் என் முகவரி, என் நல்ல கையெழுத்தில். பெருமையாக இருந்தது அன்றைக்கு. யாருக்கும் ஒரு டிபன் பாக்ஸ்கூட விழவில்லை.

ஜூலை 9, புதன்

கணக்கு டெஸ்ட். சுமார்.

நேற்று சாயங்காலம் கடை, லோன் மெயில்களை மட்டும் ஒவ்வொன்றாகத் திறந்து, 'இனி அனுப்ப வேண்டாம்' என்று அழுத்தினேன். பரிசுக்காரனுக்கும். இன்று அவன் வகையில் மட்டும் நாற்பது!

ஷேர் ஆட்டோவில் கூடப் படிக்கிற மாரியிடம் சொன்னேன். அவள் அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். சிரித்தாள்.

"ஏடி, கடைக்காரன்னா நிறுத்துவான். திருட்டுப்பயகிட்டப் போயி வேணாம்னா? வீட்ல ஆள் இருக்குன்னு தெரிஞ்சுக்கிருவான். தொறக்காமயே ஸ்பாம்ல தள்ளு."

"கம்ப்யூட்டர் புஸ்தகத்துல அப்படிப் போடலையே."

"புஸ்தகத்துல கூப்பனும் போடலடி."

வீட்டுக்கு வந்ததும் தள்ளினேன். தெரியாத பெயர் எல்லாமே. பிறகு ஸ்பாமையும் மொத்தமாக, நிரந்தரமாக அழித்தேன். பெட்டி காலி. கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி. இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். நான் பக்கத்தில்.

"திங்கக்கிழமையே அனுப்பிட்டோமேம்மா." ஆள் எடுக்கிற ஏதோ கம்பெனி பெயரில் வந்திருக்கும் என்றார்கள். அப்படி ஒரு பெயரைப் பார்த்த ஞாபகம். தள்ளிய ஞாபகமும். வேறு முகவரி தந்தால் நாளை மறுபடி அனுப்புவார்களாம்.

சொல்லிவிட்டேன். எல்லாம், கூப்பன் உட்பட.

"படிக்கிற புள்ளன்னுதான ஒங்கிட்டக் குடுத்தேன்" என்றாள். அவ்வளவுதான். உள்ளே போய்விட்டாள்.

இன்று சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

ஜூலை 11, வெள்ளி

வெயில். பள்ளிப் பையோடே அக்காவைக் கூட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டர்.

மாரியின் அண்ணன்: "எதுக்கு புதுசு? இந்தத் தங்கச்சி மெயிலையே குடுங்களேன்."

"எனக்குன்னு ஒண்ணு போடுங்க தம்பி."

பாஸ்வேர்டு இடம் வந்தது. எழுத்து எழுத்தாகச் சொல்லித் தரலாம் என்று குனிந்தேன்.

"அங்கிட்டுத் திரும்பு பாப்பா."

திரும்பினேன். சுவரில் பழைய ரேஷன் அறிவிப்பு. முதுகுக்குப் பின்னால் அக்கா ஒரு விரலால் தட்டுகிற சத்தம், நிறுத்தி நிறுத்தி. புது முகவரியை ஆஸ்பத்திரிக்குப் போனில் சொன்னாள். கால் மணி நேரம். மின்விசிறி. அஞ்சே காலுக்கு டிங் என்றது.

அக்கா மெல்ல, வாய்விட்டு வாசித்தாள். "திங்கள்கிழமை, பத்து மணி, அசல் சான்றிதழ்களோட..." மறுபடி முதலிலிருந்து வாசித்தாள்.

என்னைத் திரும்பச் சொல்ல மறந்துவிட்டாள். நான் ரேஷன் அறிவிப்பை முழுவதும் வாசித்து முடித்தேன்.