இடுப்பில் குடம் வைத்தவள்

என் மச்சாள் பிலோமிக்கு,

பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தோம். பிறகு என் அண்ணனைக் கட்டி எனக்கு மச்சாளானாய். அந்த இரண்டு உரிமையிலும்தான் எழுதுகிறேன். செத்தவர்களோடு கோபிக்கக் கூடாது என்பார்கள். எனக்கு இன்றைக்கு யாரோடாவது கோபிக்க வேண்டும் போலிருக்கிறது, உன்னை விட்டால் ஆளில்லை.

நீ வேலை செய்த வீட்டைப் போய்ப் பார்த்தேனடி. உன் சின்யோரா, அந்த வீட்டுக்காரக் கிழவி, முதியோர் இல்லத்துக்குப் போய்விட்டாளாம். பலெர்மோவின் பழைய நகரத்தில் வெளி ஆட்களுக்குப் பூட்டிக் கிடந்த அறுநூறு வருஷத்து வீடுகளையெல்லாம் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சனம் பார்க்கத் திறந்துவிடுகிறார்கள். உன் வீடும் அதில் ஒன்று. எட்டு வருஷம் துடைத்தாயே, உன் வீடு என்றுதானே சொல்ல வேண்டும்?

உனக்கு ஞாபகம் இருக்கும். ஒருநாள் ஏணியில் ஏறிப் பெரிய அறையின் முகட்டை ஒட்டடை அடித்துவிட்டு வந்து, “முகட்டு மரத்திலை ஒரு பொம்பிளையைக் கீறியிருக்கினம். கறுத்தத் தலைமயிர், இடுப்பிலை குடம். எங்கட ஆள் மாதிரியே இருக்கிறாள்” என்றாய். நானும் அண்ணனும் விழுந்து விழுந்து சிரித்தோம். “இஞ்சை ஆரடி இடுப்பிலை குடம் வைச்சவை? ஏணியிலை நிண்டு உனக்குத் தலை சுத்தியிருக்கு” என்றேன். நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாய். அதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை, ஆஸ்பத்திரியில் கடைசியாக என் கையைப் பிடிக்கும் வரைக்கும். “செலின், ஒருக்காப் போய்ப் பாரடி” என்றாய். ஓம், ஓம் என்றேன். நம்பிச் சொன்ன ஓம் இல்லை அது.

அந்த ஓம் ஒரு வருஷமாக என்னை அரித்தது. போன ஞாயிறு பூசை முடிந்ததும் அதே சேலையோடு, அண்ணனின் கமராவையும் எடுத்துக்கொண்டு, நாங்கள் இருக்கிற போர்கோ வெக்கியோவிலிருந்து நடந்தே போனேன். வெயிலில் முக்கால் மணி நேரம் வரிசை. எனக்கு முன்னால் தொப்பி போட்ட வெள்ளைக்காரர்கள், பின்னாலும் அவர்களே.

வாசலுக்கு வந்தேனா, மினுங்குகிற வாசற்கல்லைக் கண்டேன். இது பிலோமி முழங்காலில் இருந்து தேய்த்த கல் என்று நினைத்தேன். அவ்வளவுதான், சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்துவிட்டேன். வாசலில் சனத்தை உள்ளே விட்டுக்கொண்டு நின்ற பெட்டை என் காலைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள். “சுத்தம் செய்யிறது ஒரு மணிக்குப் பிறகு, சின்யோரா. பின்படியாலை வாங்கோ” என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள், அதுதான் இன்னும் எரிகிறது.

நான் பார்க்க வந்தவள் என்று சொல்லியிருக்கலாம்தானே? சொல்லவில்லை மச்சாள். கால் தன்பாட்டில் பின்பக்கம் போய்விட்டது. இத்தனை வருஷம் மற்றவர்களின் வீட்டுக்குப் பின்படியால் ஏறிய கால். பாதிப் படியில் நின்றுதான் எனக்கு ரோஷமே வந்தது. திரும்பி இறங்கினால் மறுபடியும் முக்கால் மணி நேரம் வரிசை. பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். இத்தனை படியா, பிலோமி? நெஞ்சு நோகுது என்று நீ சொன்னபோது, வேலைக் கள்ளி என்று பகிடி பண்ணினேனே!

படி முடிந்தது நீ சமைத்த குசினியில். அங்கே அலுமாரிக் கதவின் உட்பக்கம் நீ ஒட்டிய, எங்கள் நாட்டு மடுமாதா படம் இன்னும் இருக்கிறது. அதைக் கண்டதும் அழுகை வந்தது. அழுதேன்.

குசினி வாசலுக்கு வந்தால் பெரிய அறை. நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் சனம். கண்ணாடி போட்ட மனுஷன் ஒருவர் முகட்டைக் காட்டிச் சிங்கம், குதிரைவீரன், பறவை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்தில் நின்றபடியே அண்ணாந்து பார்த்தேன். கடைசி உத்தரத்தில், குசினியைப் பார்த்த பக்கத்தில் அவள் இருந்தாள். கறுத்தத் தலைமயிர். இடுப்பில் குடம். கயிற்றுக்கு அப்பால் நிற்கிற ஒருவருக்கும் அவள் தெரியமாட்டாள்.

“அங்கை ஒரு பொம்பிளை இருக்கிறா” என்று எனக்குத் தெரிந்த இத்தாலிய பாஷையில் சொன்னேன். அவர் என் கையிலிருந்த சப்பாத்தைப் பார்த்தார். “இன்னும் முடியேல்லை, சின்யோரா. பொறுங்கோ, பிறகு கூட்டலாம்” என்றார். சந்தையில் மீன்காரனோடு மல்லுக்கட்டுகிற என் இத்தாலிய பாஷை அப்போது எங்கே போய்த் தொலைந்தது? கமராவில் மிச்சம் இருந்த மூன்று படத்தையும் அவளை நோக்கி அடித்துவிட்டு இறங்கினேன்.

நேற்றுப் படம் கழுவி வந்தது. மூன்றிலும் இருட்டு. அண்ணனிடம் கொடுத்தேன். விளக்குக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். “இதிலை என்னடி தெரியுது?” என்றார். ஆனால் திருப்பித் தரவில்லை, சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

நீ சொன்னது மெய், மச்சாள். இதை உன் முகத்துக்கு நேரே சொல்லி, “இப்ப என்ன சொல்லுறாய்?” என்று நீ துள்ளுவதைப் பார்க்க வேண்டும் எனக்கு. இவ்வளவு அவசரமாக உன்னை யார் போகச் சொன்னது?

வருகிற ஞாயிறு அண்ணனைக் கூட்டிக்கொண்டு போவேன். முன்வாசலால், சப்பாத்துக் காலோடு, நீ தேய்த்த கல்லை மிதித்துத்தான் போவேன். மன்னித்துக்கொள். அந்தக் கயிற்றைத் தூக்கிவிட்டு அவரைக் குசினி வாசலில், நீ எட்டு வருஷம் நின்ற இடத்தில் நிறுத்தி, அண்ணாந்து பார்க்கச் சொல்வேன். இந்த முறை நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கமாட்டோம்.

தோற்றுப்போன உன் மச்சாள்,
செலின்