பாதி அமுக்கிப் பொறுத்தால்

குன்னூர்
8.2.2026

அன்புள்ள சுஜாதாவுக்கு,

இங்கே பனி இன்னும் விடவில்லை. மற்றபடி நான் நன்றாகத்தான் இருக்கிறேன். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன்.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. ஆனால் நீ வேலை பார்க்கும் போட்டோ லேபுக்கு ஃபிலிம் ரோல் வந்தால் பிரித்துத்தானே ஆக வேண்டும்? அதனால்தான் ரோலோடு கடிதத்தையும் வைத்து கூரியரில் அனுப்புகிறேன்.

நீ விட்டுப் போன காமிரா அன்றிலிருந்து பீரோவுக்குள்ளேயே கிடந்தது. பிடியின் ரப்பர் பிசுபிசுவென்று கையில் ஒட்டுகிறது. அதற்கான பேட்டரிக்கு ஊட்டி வரை அலைய வேண்டியிருந்தது. போட்டதும் லென்ஸ் 'விர்ர்' என்று முன்னும் பின்னும் போய்வந்ததே, வீட்டுக்கு ஓர் ஆள் வந்த மாதிரி இருந்தது எனக்கு.

மே கடைசியில் ரிட்டையர் ஆகிறேன். எஸ்டேட் ஆபீஸில் மாட்டுவதற்கு ஒரு போட்டோ கேட்கிறார்கள். டைமர் வைத்துவிட்டு ஓடிப்போய் நின்று எடுத்திருக்கிறேன். தேறுமா என்று நீதான் சொல்ல வேண்டும். படத்தின் மூலையில் தேதி அச்சாகுமே, அதில் ஆண்டு 2019-ஐத் தாண்டிப் போகவே மாட்டேன் என்கிறது. நீ கிளம்பிப் போன ஆண்டு. அதைப் பார்க்கப் பிடிக்காமல், நமக்குக் கல்யாணமான தொண்ணூற்றெட்டில் வைத்துவிட்டேன்.

குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். ஊட்டி பக்கம் பெர்ன்ஹில்லில் ஒரு வீடு பார்த்திருக்கிறேன். ஓர் ஆளுக்குப் பெரிய வீடு.

அன்புடன்,
கீர்த்திவாசன்


கோயமுத்தூர்
17.2.2026

திரு. கீர்த்திவாசன் அவர்களுக்கு,

பிரிண்ட்களை அனுப்பியிருக்கிறேன். பின்னால் உள்ள சுவரில் காரை பெயர்ந்த இடம்கூடத் தெளிவாகத் தெரிகிறது. நீங்கள்தான் புகையாக நிற்கிறீர்கள். எங்கள் லேப் முதலாளி கமலேஷ், "அக்கா, இதாருங்க, ஆவியாட்ட நிக்கறாரு?" என்று கேட்டான். தெரிந்தவர் என்றேன்.

பட்டனை அமுக்கும் நேரத்தில் எதிரே என்ன இருக்கிறதோ, அதற்குத்தான் அந்தக் காமிரா ஃபோகஸ் வைக்கும். பிறகு நீங்கள் ஓடிப்போய் நிற்பது அதற்குத் தெரியாது. நிற்கப் போகிற இடத்தில் முதலில் யாரையாவது நிறுத்துங்கள்.

இன்னொன்று. அதற்கு நடுவில் ஒரு புள்ளிதான் கண். அந்தப் புள்ளியை முகத்தில் வைத்து, பட்டனைப் பாதி அமுக்கிப் பொறுக்க வேண்டும். 'பீப்' என்று சத்தம் வந்ததும் விரலை எடுக்காமல் காமிராவை வேண்டிய பக்கம் திருப்பி முழுதாக அமுக்கலாம். நீங்கள் என்னை ஓரமாக நிறுத்திவிட்டு நடுவில் மலையைத்தானே வைப்பீர்கள்? நீங்கள் எடுத்த எந்தப் படத்திலாவது என் முகம் தெளிவாக இருக்கிறதா என்று எடுத்துப் பாருங்கள். வீட்டிலும் அப்படித்தான் இருந்தேன். சொன்னால் உங்களுக்குப் புரியாது என்று அப்போது சொல்லவில்லை.

சுஜாதா


குன்னூர்
5.3.2026

அன்புள்ள சுஜாதாவுக்கு,

ஆல்பத்தை எடுத்துப் பார்த்தேன். நீ சொன்னது சரி. எல்லாவற்றிலும் மலைதான் நன்றாக இருக்கிறது.

யாரையாவது நிறுத்து என்கிறாய். நான் யாரை நிறுத்துவேன்? உன் பழுப்புக் கோட்டைக் குடையில் மாட்டி, குடையைச் செடியில் சாத்தி, அதற்கு ஃபோகஸ் வைத்தேன். அந்த நேரம் பார்த்து தெய்வம்மா வந்தார். எஸ்டேட் குழந்தைகள் காப்பகத்தில் வேலை பார்ப்பவர், வீட்டுக்காரர் இறந்து சில வருடங்கள் ஆகின்றன. "ஏனுங்க சார், கொடைக்கா போட்டோ புடிக்கறீங்க?" என்று நின்று சிரித்துவிட்டுப் போனார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த ரோலையும் இத்துடன் வைத்திருக்கிறேன்.

மூடுபனியில் நீட்டினால் லென்ஸ் எதையும் பிடிக்க முடியாமல் அலைகிறது, பட்டனும் இறங்குவதில்லை. நானும் அப்படித்தான் இருக்கிறேன். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால் பேச ஆள் இல்லை. வந்துவிடேன், சுஜாதா. பெர்ன்ஹில் வீட்டின் பின்பக்கம் நல்ல வெயில் விழுகிறது. நீ வந்து நின்றால் போதும்.

உன்,
கீர்த்திவாசன்


கோயமுத்தூர்
20.3.2026

அன்புள்ள உங்களுக்கு,

கோட்டு அழகாக வந்திருக்கிறது. நீங்களும் பாதி தெரிகிறீர்கள், முன்னேற்றம்தான். கோட்டை நனையவிடாதீர்கள், பூசணம் பிடித்துவிடும்.

நீங்கள் கேட்டதற்கு உடனே என்ன சொல்ல? இத்தனை வருடம் கழித்து இப்போது என்ன அவசரம்? மே மாதம் இங்கே வெயில் தாங்காது. பார்க்கலாம்.

சுஜாதா


குன்னூர்
28.4.2026

அன்புள்ள சுஜாதாவுக்கு,

இத்துடன் ஒரு ரோல். ஆபீஸுக்கான போட்டோ இந்தத் தடவை சரியாக வந்திருக்க வேண்டும். டைமரில்தான் எடுத்தேன். பெர்ன்ஹில் வீட்டை முடிவு செய்துவிட்டேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

கீர்த்திவாசன்


கோயமுத்தூர்
9.5.2026

ஏனுங்க,

நேரில் கூப்பிடுவது போலவே எழுதிவிட்டேன். இந்த ஒரு தடவை இருக்கட்டும்.

ரோலை நானே கழுவினேன். ஆபீஸ் போட்டோ அருமை, இமை முடிகூடத் தெரிகிறது. ஆனால் டைமரில் எடுத்ததாக என்னிடம் சொல்லாதீர்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே காமிராவை நோக்கி நடந்து வருகிறீர்கள். டைமர் விளக்கைப் பார்த்து யாரும் அப்படிச் சிரிக்க மாட்டார்கள். யாரோ உங்கள் முகத்தில் புள்ளியை வைத்து, பாதி அமுக்கிப் பொறுத்திருக்கிறார்கள்.

அடுத்தடுத்த படங்களில் அவரே இருக்கிறார். தெய்வம்மாதானே? காதோரத்து நரையும் மூக்குத்திக் கல்லும் எவ்வளவு தெளிவு! மலை பின்னால் மங்கிக் கிடக்கிறது. நான் சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கிறீர்கள். மூலையில் தொண்ணூற்றெட்டும் இல்லை. தேதியை அணைக்க நான் சொல்லித் தரவில்லை, நீங்களே கண்டுபிடித்திருக்கிறீர்கள்.

அழுதேன். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? மே மாதத்துக்கு லீவு கேட்டுவைத்திருந்தேன். ஸ்வெட்டரை எடுத்து வெயிலில் போட்டிருந்தேன். இன்னொரு தடவை கேட்பீர்கள், அப்போது வருகிறேன் என்று சொல்லலாம் என இருந்துவிட்டேன். லீவு வேண்டாம் என்று கமலேஷிடம் இன்று சொல்லிவிட்டேன்.

உங்கள் மேல் கோபம் இல்லை. அவர் நல்ல மனுஷி என்று முகமே சொல்கிறது. காமிரா உங்களிடமே இருக்கட்டும். கோட்டை அவருக்குக் கொடுங்கள், பெர்ன்ஹில்லில் குளிர் அதிகம். இனிமேல் ரோல்களை மட்டும் வேறு லேபுக்கு அனுப்புங்கள்.

நெகட்டிவ்களை எல்லாம் இத்துடன் வைத்திருக்கிறேன். முதல் ரோலில் நீங்கள் புகையாக நிற்கும் படத்தை மட்டும் எனக்கென்று ஒரு பிரிண்ட் போட்டுக்கொண்டேன். அதில் தொண்ணூற்றெட்டு இருக்கிறது.

சுஜாதா