துப்பாக்கிக்குப் பொட்டு வைத்தவள்

என்னங்க, என் அன்புக்குரியவரே,

அன்பு என்று எழுதியது நாலு பேர் படிப்பார்கள் என்பதற்காக. நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிறது. படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது, விளக்கும் எரிகிறது. ஊர் குறை சொல்ல இடம் வைக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்குக் கலும்பாங்கிலிருந்து உங்கள் அண்ணன் குடும்பம் வந்திருந்தது. இலையில் கை வைத்துக்கொண்டே, "துப்பாக்கிக்குப் பொட்டு வச்சி நாசமாக்குனவதானே நீ" என்று உங்கள் அண்ணி சிரித்தார். அவரைச் சொல்லி என்ன பயன்? சொல்லிக்கொடுத்தது நீங்கள்தானே.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் தோட்டத்தில் கிராணியாக, கணக்கு எழுதுபவராக இருந்தவர். பழைய துப்பாக்கி சேர்ப்பார். அதிலும், தோட்டாவின் அடி விளிம்பில் ஊசி தட்டினால் வெடிக்கிற அந்தக் காலத்து ரகம் மட்டும்தான். மூன்று இருந்தன, மூன்றுக்கும் லைசென்ஸ் உண்டு. துப்பாக்கி கிடைத்தால் மட்டும் போதாது, அதைக் கண்டுபிடித்தவன் காப்புரிமைக்காகப் பதிந்த அசல் வரைபடமும் வேண்டும். ஒரு தாளுக்காக வெளிநாட்டுக்காரன் ஒருவனுக்கு ஆறு வருஷம் கடிதம் எழுதினார். என்னைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் விட்ட அன்று அந்தத் தாள் தபாலில் வந்தது. மகளை மறுநாள்தான் வந்து பார்த்தார்.

அந்தத் தாளுக்குரிய துப்பாக்கியை ஆயுத பூஜையன்று எண்ணெய் போட வெளியே எடுத்து வைத்திருந்தீர்கள். நான் சந்தனம் குங்குமம் வைத்தேன். லோரிக்கு வைக்கிறோம், தையல் மிஷினுக்கு வைக்கிறோம், அரிவாள்மணைக்கு வைக்கிறோம். நிஜ ஆயுதத்துக்கு வைக்காமல் இருப்பேனா? குழல்மேல் வெட்டியிருந்த நம்பரிலேயே பொட்டு விழுந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் கடைசி எண்ணைக் காணோம். குங்குமம் இரும்பைத் தின்றுவிட்டது என்றீர்கள். நம்பினேன். நான் ஆறாவது வரை படித்தவள், நீங்கள் கிராணி.

பதினெட்டு வருஷம். தீபாவளிக்கு வந்தவர், கல்யாணத்தில் பார்த்தவர், தஞ்சோங் காராங்கில் மீன் விற்கிறவர் வரை எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தீர்கள். கூடவே நானும் சிரித்தேன், அதுதான் இப்போது வயிற்றெரிச்சல். அதற்குப் பிறகு துப்பாக்கி அறை வாசலைத் தாண்டி நான் கால் வைத்ததில்லை. பெருக்கவாவது விட்டீர்களா?

நீங்கள் போனதும் லைசென்ஸ் செல்லாதாம். போலீஸ் வந்து மூன்றையும் எடுத்துப்போனது. இரண்டு நாள் கழித்து என்னைக் கோல சிலாங்கூர் போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். மகள் தேவி ராவாங்கில் வேலைக்கு லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள்.

சார்ஜன் நம்ம ஆள்தான். "ஒரு துப்பாக்கியோட நம்பர் லைசென்ஸோட ஒத்து வரலம்மா. கடைசி நம்பர தேச்சி எடுத்திருக்கு. இது சின்ன விஷயம் இல்ல. யார் செஞ்சது?"

தேவி முந்திக்கொண்டாள். "அம்மாதான் சார். பூஜைக்குக் குங்குமம் வச்சி கெடுத்துட்டாங்க லா. அப்பா எப்பவும் சொல்வாரு."

உதவி செய்வதாகத்தான் நினைத்தாள். சார்ஜன் பேனாவை எடுத்து என் பெயரை எழுதினார். துப்பாக்கி விவகாரம் என்றால் மலேசியாவில் ஜெயில், தூக்கு வரை போகும் என்று யாருக்குத் தெரியாது?

அத்தாட்சிக்கு ஆகட்டும் என்று உங்கள் தாள்களையும் கொண்டுபோயிருந்தோம். அவர் அந்த வரைபடத்தை விரித்தார், பின்பக்கம் திருப்பினார். தாள் வந்த அன்று அதைக் குழல்மேல் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த நம்பர், முழுசாக இருந்தது. அதன் கீழே உங்கள் முத்து முத்தான எழுத்து. அவர் சத்தமாகவே படித்தார்.

"குங்குமம் ஈரத்துணியிலேயே போயிருக்கும். கோபத்தில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். கடைசி ஏழு போய்விட்டது. தப்பு என்னுடையது. அவளிடம் சொல்லவில்லை."

தேதியும் போட்டிருந்தீர்கள். பூஜைக்கு மறுநாள்.

"அப்பாவா?" என்றாள் தேவி. என் முகத்தைப் பார்த்துக் கேட்க அவளுக்குத் துணிவு வரவில்லை.

ஏங்க, ஒரு காகிதத்திடம் சொல்ல முடிந்ததே, என்னிடம் முடியவில்லையா? சோறு போடும்போது சொல்லியிருக்கலாமே. கடைசி மாதம் உங்களுக்கு மலம் மூத்திரம் எடுத்தேனே, அப்போதாவது?

சார்ஜன் என் பெயரைக் கோடு போட்டு அடித்தார். பிறகு தயங்கினார். "இத ஃபைல்ல வைக்கணும்மா. ஒரிஜினல்தான் வேணும். திரும்பக் கிடைக்கும்னு சொல்ல முடியாது. மனு போட்டுப் பாக்கலாம். பரவாயில்லையா?"

கையுறை போடாமல் நீங்கள் தொடாத தாள். "எடுத்துக்குங்க சார்" என்றேன். ஃபைலில் கோக்க ஓட்டை போடும் மிஷினை எடுத்தார். கனமான காகிதம், முதலில் இறங்கவில்லை. நல்லா அழுத்துங்க என்று நான்தான் சொன்னேன். இரண்டு ஓட்டை. ஒன்று சரியாக வரைபடத்தில் இருந்த விசைமேல் விழுந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்?

துப்பாக்கிகளை அழித்துவிடுவார்களாம். தாளைக் கேட்டு நான் மனு போட மாட்டேன். வருஷா வருஷம் திதி கொடுப்பேன், உங்களுக்குப் பிடித்த நண்டுக் குழம்பு வைத்துப் படைப்பேன். யாராவது கேட்டால் நல்ல மனுஷன் என்றும் சொல்வேன். மன்னிக்க மட்டும் மாட்டேன். இது உங்கள் படத்தின் முன்னால் நின்று செய்த சத்தியம்.

இப்படிக்கு,
பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து,
தப்புச் செய்யாத உங்கள் மனைவி
சரசு