நடுவில் வைத்த சீட்டு

நோட்டன் பிரிட்ஜ்
17.6.1951

அன்புத் தங்கை அம்மாக்கண்ணுக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. குழந்தை மீனம்மாவுக்குப் பல் முளைத்ததை வாசித்துச் சிரித்துக்கொண்டேன். இங்கே பதினோரு நாளாக வெயில் இல்லை. பிள்ளைகள் மழைக்குப் போர்த்திய நனைந்த சாக்கோடு வகுப்பில் உட்கார்ந்து தூங்குகிறார்கள்.

இலங்கைப் பிரஜாவுரிமைக்கு இப்போதே எழுதிப்போடலாம் என்று உன் வீட்டுக்காரர் செல்லசாமி சொல்வதாகவும், பெயர் கொடுத்தால் வம்பு வருமோ என்று நீ பயப்படுவதாகவும் எழுதியிருந்தாய். என் குறிச்சீட்டுகளைக் கேட்கச் சொன்னாய். கேட்டேன்.

பழைய தொரைசானி சீமைக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனாரே, அந்தக் கட்டுதான். கேட்கிறவருக்காக ஒரு சீட்டை எடுத்து முதலில் நடுவில் வைக்க வேண்டும். மற்றவை அதைச் சுற்றித்தான் விழும். எந்தச் சீட்டு என்பதைக் கூந்தலின் நிறத்தையும் தோலின் நிறத்தையும் பார்த்து எடுக்கச் சொல்கிறது கூட வந்த புத்தகம். பொன்னிறக் கூந்தலுக்குக் கோல் ராணி, கருங்கூந்தலுக்குக் காசு ராணி. அப்படிப் பார்த்தால் நம் தோட்டத்து லயத்துப் பெண்கள் அத்தனை பேரும் காசு ராணிகள்தான்! அதனால் புத்தகத்தை மூடிவிட்டு, உள்மனம் சொன்னபடி உனக்குக் கிண்ணம் ஏந்திய ராணியை வைத்தேன்.

கடைசியில் வந்தது, ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கும் மனிதன். பயப்படாதே, அவன் முகம் அமைதியாகத்தான் இருக்கிறது. பொறுத்திரு என்பது பொருள். ஆகவே இப்போது எழுத வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை வந்து விண்ணப்பம் எழுதித்தர முடியுமா என்றும் கேட்டிருந்தாய். சனிக்கிழமைகளில் எனக்கு நுவரெலியாவில் ஆசிரியர் வகுப்பு இருக்கிறது.

உன் அக்கா,
ராசம்மா

பூண்டுலோயா
25.6.1951

அன்புள்ள அக்காவுக்கு அம்மாக்கண்ணு எழுதுறது.

உங்க கடுதாசிய இவருக்கு வாசிச்சுக் காட்டினேன். "சீட்டு சொல்லுச்சாம் சீட்டு! டீச்சரம்மா கவர்மெண்டு கச்சேரியிலயா வேல பாக்குறாங்க?"ன்னு கேலி பண்ணாரு. தலைகீழாத் தொங்குற ஆளப் பத்திக் கேட்டதும், "அது நாந்தான்டி. காலையில பேர் கூப்பிடுற பெரட்டுக்குப் பிந்திப் போனா தொரை அப்படித்தான் கட்டித் தொங்கவிடுவாரு"ன்னு ஒரே சிரிப்பு.

நான் விடல. "காலேஜ் படிச்சவங்க காரணமில்லாமச் சொல்ல மாட்டாங்க"ன்னேன். கடைசியில, "ஒங்க அக்கா சொன்னாச் சரி"ன்னுட்டாரு. எழுதல. எனக்கு இப்பத்தான் மனசு லேசா இருக்கு.

ஒடம்பப் பாத்துக்குங்க. ஈரத்துல நிக்காதீங்க.

உங்க தங்கச்சி,
அம்மாக்கண்ணு

பூண்டுலோயா
8.2.1965

அன்புள்ள அக்காவுக்கு,

பொங்கலுக்கு நீங்க எழுதினது வந்துச்சு. பதில் போடப் பிந்திருச்சு, கோவிச்சுக்காதீங்க.

இந்தியா, இலங்கை ரெண்டு அரசாங்கமும் பேசி முடிச்சதுலருந்து இங்க வேற பேச்சே இல்ல. காளியாயி வீட்டுல அம்பத்தொண்ணுலயே எழுதிப்போட்டு பிரஜாவுரிமை வாங்கிட்டாங்க. அவங்களுக்குக் கவலை இல்ல. எங்களை மாதிரி எழுதாதவங்க இந்தியாவுக்குப் போறதா, இங்கேயே கேட்டுப் பாக்குறதான்னு முடிவு பண்ணணும். தோட்ட ஆபீஸ்ல பேரு கேக்கப் போறாங்களாம். இவரு, "இங்க கேட்டுக் கெடைக்காட்டி ரெண்டும் இல்லாமப் போயிரும்"ங்கிறாரு. மீனம்மா, "அங்க எனக்கு யாரைத் தெரியும்?"னு ரெண்டு நாளாச் சாப்பிடல.

அக்கா, அந்தச் சீட்டுக்கட்டு இன்னும் இருக்கா? அந்தக் கிண்ண ராணிய எனக்காக நடுவுல வச்சு இன்னொரு தரம் பாத்து எழுதுங்க. நீங்க சொன்னா நான் தாங்கிக்குவேன்.

உங்க தங்கச்சி,
அம்மாக்கண்ணு

நோட்டன் பிரிட்ஜ்
14.2.1965

அன்புள்ள அம்மாக்கண்ணுக்கு,

தங்கை என்று எழுதக் கை வரவில்லை. முழுவதும் வாசித்தால் காரணம் தெரியும்.

அன்று நான் உனக்காகச் சீட்டுப் போடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு முறைதான் சீட்டுகளைப் பரப்பினேன். நடுவில் வைத்த கிண்ண ராணி நீயல்ல, நான். நுவரெலியா வகுப்புக்கு அழகுமுத்து என்றொரு ஆசிரியர் வருவார். வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்று என்னிடம் சொல்லியிருந்தார். அவருக்காகக் காத்திருக்கலாமா என்று கேட்டுத்தான் பரப்பினேன். பொறுத்திரு என்று வந்தது. உன் கடிதம் பக்கத்தில் கிடந்தது. மறுபடி கலைத்துப் போடச் சோம்பல். எனக்கு வந்த பதிலையே உனக்கும் எழுதிவிட்டேன். நாலு பெண்கள் என்னிடம் குறிகேட்க வந்துகொண்டிருந்த காலம் அது. அந்த மதிப்பும் எனக்குப் பிடித்திருந்தது.

உள்மனம் என்று பெரிதாக எழுதினேன் அல்லவா? உன் விஷயத்தில் அது உண்மையாகவே பேசியது. 'பஸ் ஏறிப் போ, விண்ணப்பத்தை எழுதிக்கொடு' என்றது. போனால் ஒரு சனிக்கிழமை அவரைப் பார்க்க முடியாது. அதனால் அதைப் பேசவிடவில்லை.

இன்னும் இருக்கிறது. ஆகஸ்டோடு விண்ணப்பக் கெடு முடிகிறது என்று எனக்குத் தெரியும். உனக்கு அதை எழுதவில்லை. என் சொந்த விண்ணப்பத்தை மார்ச்சிலேயே அனுப்பியிருந்தேன். அதற்கு நான் எந்தச் சீட்டையும் கேட்கவில்லை.

அழகுமுத்து மறுவருடம் வேறிடத்தில் கல்யாணம் செய்துகொண்டார். அதை ஒரு தண்டனை என்று நினைத்து, கணக்குத் தீர்ந்தது என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். பதினான்கு பொங்கலுக்கு உனக்கு மழையைப் பற்றியும் பிள்ளைகளைப் பற்றியும் எழுதினேன். ஒவ்வொரு முறையும் இதை எழுத உட்கார்ந்து, மழையைப் பற்றி எழுதி முடித்தேன்.

கட்டு இன்னும் பெட்டியில் இருக்கிறது. எரித்துவிட்டேன் என்று எழுதினால் கேட்க நன்றாயிருக்கும். எரிக்கவில்லை. ஆனால் உனக்காக இனி அதைத் தொட மாட்டேன்.

27ஆம் தேதி சனிக்கிழமை வருகிறேன். எந்த நாட்டுக்கு என்பதை நீங்கள் மூவரும் பேசி முடிவு செய்யுங்கள். எழுத்து வேலை எதுவானாலும் செய்து தருகிறேன். செல்லசாமியிடமும் நானே சொல்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை.

ராசம்மா

பூண்டுலோயா
22.2.1965

ராசம்மா டீச்சர் அவர்களுக்கு,

நீங்க வர வேண்டாம். வெள்ளிக்கிழமையே ஆபீஸ்ல பேரு கேட்டாங்க. இந்தத் தடவ நாங்க காத்திருக்கல. இந்தியான்னு குடுத்துட்டோம். மீனம்மா இன்னும் எங்கூடப் பேசல.

ஆபீஸ்ல கணக்கப்பிள்ளை இவரைப் பாத்து, "அம்பத்தொண்ணுல ஏன்யா எழுதல? மத்தவங்களுக்குத் தெரிஞ்சது ஒனக்குத் தெரியலையா?"ன்னு சத்தம் போட்டாரு. அத்தனை ஆளுக முன்னால. இவரு, "எங்களுக்கு வெவரம் பத்தலைங்க"ன்னாரு. வெளிய வந்தப்புறம் எங்கிட்ட, "டீச்சரு பேர எதுக்கு அங்க இழுக்கணும்? புள்ளைகளுக்குப் பாடம் சொல்றவங்க"ன்னாரு. அன்னைக்கு உங்க கடுதாசி வந்திருக்கல. மறுநாள்தான் வந்துச்சு.

அவருக்கு அத வாசிச்சுக் காட்டல. இனிமே நீங்களும் எழுத வேண்டாம்.

"டீச்சரு என்ன எழுதியிருக்காங்க?"ன்னு கேட்டாரு. "சீட்டுப் பாத்தாங்களாம். தைரியமாப் போகச் சொல்லுதாம்"னேன். "பாத்தியா, நல்ல முடிவுதான் எடுத்திருக்கோம்"னு சொல்லிட்டு, சந்தோசமா வேலைக்குப் போனாரு.

இப்படிக்கு,
செ. அம்மாக்கண்ணு