அமிலத்தில் கரையாத கல்

1971 ஆகஸ்ட் 11, காரைக்குடி

தம்பி மலையாண்டியிடமிருந்து ரயில் பார்சல். குஜராத்தில் அவன் வேலை பார்க்கும் எண்ணெய்க் கிணற்றுப் பைப்பிலிருந்து சுரண்டிய வெள்ளைக் கல் ஒரு கைப்பிடி, இரண்டு பாட்டில் தண்ணீர். ஒன்று எண்ணெயோடு அடியாழத்திலிருந்து வருவது. மற்றொன்று, எண்ணெயை மேலே தள்ளக் கிணற்றுக்காரர்கள் பூமிக்குள் இறக்குவது. உள்ளே ஒரு சீட்டு: "அண்ணே, பைப்பெல்லாம் இதுதான் அடைச்சுக்கிட்டு வருது. ஆசிட் ஊத்தியும் அசைய மாட்டேங்குது. ஊத்தின ஆசிட்டு பாறையில எண்ணெய் கசியுற சின்னக் கண்ணையும் கெடுத்துருமோன்னு பயமா இருக்கு. என்ன கல்லுன்னு பாத்துச் சொல்லுங்க."

தம்பிக்கு நான் பெரிய விஞ்ஞானி. சிரித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 14

ஒரு துண்டை அமிலத்தில் போட்டேன். நுரைக்கவில்லை, கரையவில்லை. சுண்ணாம்பு இல்லை என்பது மட்டும் தெரிந்தது. மீதியை ஆய்வுக்கூட அலமாரியில் வைத்தேன்.

ஆகஸ்ட் 30

பதவி உயர்வுக்கான கட்டுரை பாதியில் நிற்கிறது. கல்லைத் தொடவில்லை.

செப்டம்பர் 18

தம்பியின் கடிதம். "பைப்புக்குள்ள அழுத்தம் காட்டுற பிரஷர் கேஜ் ஒரு நேரம் காட்டுது, ஒரு நேரம் பூஜ்யத்துல படுத்துக்குது. கேஜுக்குப் போற சின்னக் குழாயிலயும் இந்தக் கல்லுதான் அடைக்குதோன்னு சந்தேகம். வெறும் வாயால சொன்னா மேல இருக்கவுக நம்ப மாட்டாக. கையில அத்தாட்சி வேணும். எப்பப் பாப்பீகண்ணே?"

கட்டுரை முடிய இன்னும் ஒரு வாரம். முடிந்ததும் பார்க்க வேண்டும்.

செப்டம்பர் 27

கட்டுரையைக் கொடுத்துவிட்டேன். மதியம் கல்லை எடுத்தேன். தூளாக்கி, சோடா உப்போடு உருக்கி, கழுவி, அமிலத்தில் கரைத்துச் சுடரில் காட்டினேன். சுடர் பச்சையானது. பேரியம் உலோகத்தின் அடையாளம்.

பிறகு இரண்டு பாட்டில் தண்ணீரையும் ஒரே சோதனைக் குழாயில் ஊற்றினேன். தனித்தனியே இரண்டும் கண்ணாடி போலத் தெளிவு. சேர்ந்த மாத்திரத்தில் மோர் மாதிரி வெளுத்துவிட்டது. அடித்தண்ணீரில் பேரியம், இறக்கும் தண்ணீரில் சல்பேட். சேர்ந்தால் கல். அந்தக் கல்லை எந்த அமிலமும் கரைக்காது. கட்டிய பிறகு கரைப்பதற்கு வழியில்லை, கட்டாமல் தடுப்பதுதான் வழி.

இன்னொரு சோதனைக் குழாயில் ஒரு துளி பாஸ்பேட் உப்பை முதலில் விட்டுப் பிறகு இரண்டையும் ஊற்றினேன். ஒரு மணி நேரம் தெளிவாகவே இருந்தது.

எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு மதியம்தான் ஆனது.

செப்டம்பர் 28

எட்டுப் பக்கம் எழுதிக் காலைத் தபாலில் சேர்த்தேன். "கேஜை நம்பாதே" என்று இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

செப்டம்பர் 30

தந்தி. மலையாண்டி நேற்று இறந்துவிட்டான்.

அக்டோபர் 9

குஜராத் போய் அஸ்தியோடு திரும்பினேன். அங்கே சொன்னார்கள்: கேஜ் பூஜ்யம் காட்டியது, பைப் மூடியின் போல்ட்டைக் கழற்றினான், உள்ளே அழுத்தம் அப்படியே இருந்தது, மூடி மார்பில் அடித்தது. விசாரணைக் குறிப்பில் "பணியாளரின் கவனக்குறைவு" என்று எழுதிவிட்டார்கள்.

சொந்த ஊர் சாக்கோட்டையில், எங்களைப் பெற்ற ஆத்தாவுக்கு அதைப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது.

"கவனக்குறைவா? சைக்கிளப் பூட்டிட்டு நாலு தடவ இழுத்துப் பாக்குற பயடா அவன்" என்றாள். அழவில்லை. என்னையே பார்த்தாள்.

அக்டோபர் 16

என் கடிதம் திரும்பி வந்துவிட்டது. உறை பிரிக்கப்படவில்லை.

ஒரு மதியம். ஒரே ஒரு மதியம். ஏண்டா பூமிநாதா, அத ஆகஸ்ட்லயே பாத்திருந்தா என்ன கொறஞ்சு போயிருக்கும் ஒனக்கு?

அக்டோபர் 24

விசாரணைக் குறிப்பை மாற்றச் சொல்லி எண்ணெய் நிறுவன மேலிடத்துக்கு எழுதுகிறேன். ஆதாரம் இரண்டு. கல்லின் சோதனை முடிவு ஒன்று. தம்பி கேஜைச் சந்தேகப்பட்ட கடிதம் இன்னொன்று. அந்தக் கடிதத்தை வைத்தால், கல் எனக்கு எப்போது வந்தது என்பதும் வெளியே வரும்.

எங்கள் பிரிவுத் தலைவர் காசிவிஸ்வநாதன் வரைவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "பூமிநாதன், பார்சல் வந்த தேதியப் போடணுமா? சோதனை முடிவ மட்டும் அனுப்புங்க. பதவி உயர்வு சமயம் வேற."

"அவன் கேட்டான்கிறதுதான் சார் அத்தாட்சி. கேட்டான்னா, யார்கிட்டக் கேட்டான், அவரு என்ன செஞ்சாருன்னு வருமில்ல?"

ஆகஸ்ட் 11 என்றே எழுதினேன்.

அக்டோபர் 31

தபாலில் சேர்க்கும் முன் ஆத்தாவிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். முழுவதும் சொன்னேன். முறத்தில் உளுந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"எம்புட்டு நாளு வச்சிருந்த?"

"ஒன்றரை மாசம் ஆத்தா."

"எங்க?"

"அலமாரியில."

மறுபடி உளுந்து பொறுக்கத் தொடங்கினாள். திட்டியிருக்கலாம். அடித்திருக்கலாம். இருட்டும் முன் பஸ் ஏறிவிட்டேன்.

டிசம்பர் 20

பதவி உயர்வு, உடன் வேலை பார்க்கும் அழகுசுந்தரத்துக்கு. வாழ்த்தினேன். மனதில் ஒன்றும் அசையவில்லை.

1972 பிப்ரவரி 18

பதில் வந்தது. கேஜுக்குப் போகும் குழாயை அறுத்துப் பார்த்திருக்கிறார்கள். விரல் நீளத்துக்கு வெள்ளைக் கல். கவனக்குறைவு என்ற வரியை அடித்துவிட்டார்கள். பாஸ்பேட் கரைசலைக் கிணற்றுக்குள் சொட்டுச் சொட்டாக விட ஏற்பாடாம். பாறையின் சின்னக் கண் அடைபடாமல் இருக்க, இறக்கும் தண்ணீரையும் இனி வடிகட்டித்தான் இறக்குவார்களாம்.

சாக்கோட்டைக்கு ஓடினேன். படித்துக் காட்டினேன்.

"அப்ப எம்புள்ள மேல தப்பில்ல."

"இல்ல ஆத்தா."

"அந்தத் தாள இங்குட்டுக் குடு." வாங்கி, மடித்து, முந்தியில் முடிந்துகொண்டாள். என்னை இருக்கச் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை.

ஜூலை 2

ஞாயிறுதோறும் போகிறேன். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தானாக ஒன்றும் கேட்பதில்லை.

1973 ஜூன் 10

நேற்று குஜராத்திலிருந்து கடிதம். தம்பி வேலை பார்த்த கிணற்றின் பைப்பைப் பதினான்கு மாதம் கழித்து வெளியே இழுத்துப் பார்த்தார்களாம். உள்ளே படிவே இல்லை. ஒன்பது கிணறுகளுக்கு இதே முறை வந்துவிட்டது.

ஆத்தாவிடம் சொல்லலாம் என்று இன்று போனேன். பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அழகி என்ற பெண் ஆத்தாவோடு பேசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, "யாரு ஆத்தா வந்திருக்காக?" என்று கேட்டாள்.

ஆத்தா நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்ச நேரம் யோசித்த மாதிரி இருந்தது.

"மலையாண்டிக்கு அண்ணன்" என்றாள்.