பூஜ்யத்துக்கு வைத்த தண்ணீர்

செவ்வாய்க் கோள், வடபனி நிலையம். நாள் 212, 09:10
பனி உருக்கியது 600 லிட்டர். குடியிருப்பின் இரண்டு தொட்டிகளுக்கான ஆர்செனிக் உணரிகளுக்கும் இங்கேயே பூஜ்யம் வைத்து, அந்த நீரோடு ஊர்தியில் அனுப்பினேன். பூஜ்யம் வைக்க, ஆர்செனிக் துளியும் இல்லாத நீரில் உணரியை முக்கி அதை 0.00 என்று பதிய வேண்டும்; அதற்கான காய்ச்சி வடித்த நீர் தீர்ந்துவிட்டது. புதிதாக வடிக்க நான்கு மணி நேரம் ஆகும். உருகுநீரையே வைத்தேன். இந்தப் பனியில் இதுவரை எதுவும் இருந்ததில்லை.

நாள் 219, 11:30
குடியிருப்பிலிருந்து நாச்சம்மையின் செய்தி. கல்லூரியில் எனக்கு மூன்று ஆண்டு இளையவள். எனக்கு வரவேண்டிய தலைமைப் பொறியாளர் பதவியில் இருக்கிறாள். "சார், பூஜ்யத்துக்கு எந்தத் தண்ணி வச்சீங்கன்னு ரிப்போர்ட்ல இல்லையே?"
என் பதில்: "முதல் வருஷப் பாடத்தை எனக்கு நடத்த வேண்டாம், மேடம்."
அந்த மேடத்தை வேண்டுமென்றே சேர்த்தேன்.

நாள் 231, 10:15
குடியிருப்பில் நாற்பத்து மூன்று பேர். பதினொருவருக்கு வாந்தி, கை கால் மரத்துப்போகிறது. அவர்கள் குடிக்கும் ஒன்றாம் தொட்டி 0.00 காட்டுகிறது. அவள் என்னைத் திட்டவில்லை. "நீங்க தப்பு பண்ண மாட்டீங்க சார், இருந்தாலும் ஒரு தடவை பாத்துடுங்க" என்றாள். திட்டியிருக்கலாம்.

14:50
அன்று மிச்சம் பிடித்த நான்கு மணி நேரத்தை இன்று செலவழித்தேன். இங்குள்ள உணரிக்கு வடித்த நீரைப் பூஜ்யமாக வைத்து அளந்தால், அன்றைய உருகுநீரில் லிட்டருக்கு 3.1 மில்லிகிராம். அனுமதித்த அளவைப் போல முந்நூறு மடங்கு. விஷத்தைக் காட்டி இதுதான் சுத்தம் என்று உணரிக்குச் சொல்லியிருக்கிறேன்.

15:20
மூன்று முறை எழுதி அழித்தேன். கடைசியில் அனுப்பியது: "ஒன்றாம் தொட்டி உணரியில் கோளாறு. இரண்டாம் தொட்டிக்கு மாறவும்." அதில் இருப்பது பழைய மறுசுழற்சி நீர். மற்றதை நேரில் சொல்லிக்கொள்ளலாம்.

15:58
"மாத்திட்டோம் சார். ரெண்டாவது உணரியும் 0.00தான், பயமில்ல. எல்லாரையும் நிறையத் தண்ணி குடிக்கச் சொல்லியிருக்கேன். ரொம்ப நன்றி சார்."
செயற்கைக்கோள் அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. அடுத்த தொடர்பு நாளை 04:40.

16:05
இரண்டாம் உணரிக்கும் அதே விஷ நீரைத்தான் பூஜ்யமாக வைத்தேன்; தொட்டியில் சுத்தமான நீர் இருந்தால் அது பூஜ்யத்துக்குக் கீழே காட்ட வேண்டும். சரியாக 0.00 என்றால் அதுவும் என் உருகுநீர். அந்தத் தொட்டியில் அதை எப்போது நிரப்பினார்கள்? நான் கேட்கவில்லை. உண்மையை எழுதியிருந்தால் அவள் அந்த எண்ணை நம்பியிருக்க மாட்டாள்.

16:40
உண்மையை எழுதி அனுப்பினேன். போகவில்லை. ஊர்தி குடியிருப்பில் இருக்கிறது. நடந்தால் முந்நூறு கிலோமீட்டர்.

19:00, இருபத்தேழாவது முயற்சி
நாச்சம்மை, உணரியில் எந்தக் கோளாறும் இல்லை. பூஜ்யத்துக்கு எந்தத் தண்ணீர் வைத்தேன் என்று நீ கேட்டது சரி. அதே தண்ணீரைத்தான் இப்போது நீங்கள்