வாசல் வரை வந்த கொலுசு

கிருஷ்ணகிரி
14-5-57

அன்புள்ள தங்கைக்கு,

நலமாக இருக்கிறாயா? இரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன். இங்கே இந்த வருஷம் மாங்காய் நல்ல வரத்து.

பக்கத்து வீட்டுக் காத்தூன் ரேடியோ வாங்கியிருக்கிறாள். ஞாயிறு மத்தியானம் அதில் ஒரு மர்ம நாடகம் வருகிறது. யாரோ ஒருத்தியின் கொலுசுச் சத்தம் வாரா வாரம் ஒரு பெரிய வீட்டு வாசல் வரை வருகிறது, கொஞ்ச நேரம் நிற்கிறது, திரும்பிப் போய்விடுகிறது. அவள் யாரென்று எங்களுக்குள் ஒரே வாக்குவாதம். காத்தூன் திருடி என்கிறாள். எதிர்வீட்டுச் செல்லி, செத்துப்போன மூத்த சம்சாரத்தின் ஆவி என்கிறாள்.

"அந்த வீட்டுப் பொண்ணாத்தான் இருக்கும்" என்றேன் நான், போன ஞாயிறு நாடகத்துக்கு நடுவில்.

"பொண்ணுன்னா கதவத் தட்ட மாட்டாளா?" என்றாள் காத்தூன்.

"தொறக்க மாட்டாங்கன்னு பயந்திருப்பா."

செல்லி என் முகத்தையே பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, பொங்கலப்போ உன் தங்கச்சி வந்திருந்தா. உன் வாசல்ல கொஞ்ச நேரம் நின்னுட்டுத் திரும்பிட்டா. நீ கோவிச்சுக்குவேன்னு நான் சொல்லல."

அதற்குப் பிறகு நாடகம் என் காதில் ஏறவில்லை.

வரும் ஞாயிறு அவள் யாரென்று சொல்லிவிடுவார்களாம். எனக்குக் கேட்க வேண்டாம். அன்று காலை பஸ்ஸில் நான் ஓசூருக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரரை வெளியே போகாமல் இருக்கச் சொல். உன் கல்யாணத்தன்று அவரை நான் பேசிய பேச்சுக்கு, அவரிடம் நேரில்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

உன் அக்கா